சுரங்க ரயிலுக்குக் கிராமத்தில் வேலை

லண்டன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் ஓடிக்கொண்டிருந்த டி78 ரயில்களில் கடைசி ரயில் 2017 ஏப்ரலில் ஓய்வு பெற்றது. 1970களின் கடைசியில் தொடங்கி 80களின் ஆரம்பம்வரை பர்மிங்காமில் மெட்ரோ-கேமல் ஆலை கட்டித் தந்த ரயில்கள் அவை. ரயிலுக்கு ஆறு பெட்டி, மொத்தம் 75 ரயில். தேய்ந்து போனதால் அவற்றை அனுப்பவில்லை. தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே ஓடும் தடங்கள் அத்தனைக்கும் ஒரே வகைப் புது ரயில் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அந்தக் கணக்கில் டி78க்கு இடமில்லை, அவ்வளவுதான். சொல்லப்போனால் 2000ஐ ஒட்டித்தான் அவற்றின் அடியிலிருக்கும் சக்கரச் சட்டகங்கள் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து உட்புறமும் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

இப்படி ஒரு சரக்கு பழைய இரும்பு விலைக்குப் போகும் என்று கேள்விப்பட்டதும் ஏட்ரியன் ஷூட்டருக்குக் கை அரித்திருக்க வேண்டும். சில்டர்ன் ரயில்வேயை நடத்தி அனுபவப்பட்டவர். விவாரெயில் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இருநூறுக்கும் மேற்பட்ட டி78 பெட்டிகளை வாங்கி, இங்கிலாந்தின் லாங் மார்ஸ்டனில் கொண்டுபோய் நிறுத்தினார். நகரத்துக்குள் நாள்தோறும் வேலைக்குப் போகிறவர்களைச் சுமந்த பெட்டியை, மின்கம்பியே இல்லாத கிராமப்புறக் கிளைப்பாதையில் ஓடும் ரயிலாக மாற்றுவது திட்டம். அப்போது பிரிட்டனின் பல கிளைப்பாதைகளில் ‘பேசர்’ என்ற ரயில்கள் ஓடின. 1980களில் பேருந்தின் உடலமைப்பை எடுத்து, நான்கே சக்கரங்கள் மேல் வைத்துச் செய்த சிக்கன ஏற்பாடு அது. வளைவில் கிறீச்சிடும், தண்டவாள இணைப்பில் தூக்கிப் போடும். மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகள் முழு வீச்சில் அமலாகும் 2020க்குள் அவற்றை வெளியேற்றியாக வேண்டும் என்ற நெருக்கடியும் இருந்தது.

பழைய வீட்டை வாங்குகிறவர் சுவரைத் தட்டிப் பார்ப்பார், ஒயரிங்கைப் பிடுங்கிப் போடுவார். ரயில் பெட்டியும் அப்படித்தான், ஒரே சீராகக் கிழடாவதில்லை. உடற்கூடு ஒரு வேகத்தில் முதுமையடைகிறது, சக்கரச் சட்டகம் இன்னொரு வேகத்தில், மின்சாரக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வேறொரு வேகத்தில். இருக்கையும் தரைவிரிப்பும் எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விடும். புதுப்பித்தல் என்பது எது நிஜமாகவே பழசு, எது பழசாகத் தெரிகிறது என்று பிரித்தறியும் வேலை.

உடற்கூட்டிலிருந்து தொடங்கலாம். டி78இன் உடல் அலுமினியம். துருப்பிடிக்காது. பழைய எஃகுப் பெட்டிகளில் கழிப்பறையைச் சுற்றியும் கதவின் அடியிலும் தண்ணீர் தேங்கி அரிப்பது போன்ற தலைவலி இதில் குறைவு. ஆனால் துரு இல்லை என்பதால் ஆயுள் முடிவற்றது என்று எண்ணிவிடக் கூடாது. உலோகத்துக்குக் களைப்பு என்று ஒன்று உண்டு. ஒரு நிலையத்தில் ஆள் ஏறும்போது பெட்டி கொஞ்சம் வளைகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த வளைவு லட்சக்கணக்கான முறை நடக்கும்போது பற்றவைத்த மூலைகளில் மயிரிழை விரிசல் விழத் தொடங்கும். எஃகில் ஓர் எல்லை உண்டு. பொதுவாக அதற்குக் கீழே எத்தனை கோடி முறை அழுத்தினாலும் விரிசல் தோன்றுவதில்லை. அலுமினியத்தில் அப்படித் தெளிவான எல்லை கிடையாது. ஒவ்வொரு சிறு வளைவும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

சுமை குறைந்தால் இந்தக் கணக்கு எப்படி மாறுகிறது என்பதில்தான் புதுப்பிப்பவரின் லாபம் ஒளிந்திருக்கிறது. பற்றவைத்த இணைப்புகளுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராய விதி இது: ஏறி இறங்கும் அழுத்தத்தின் அளவு பாதியானால், அந்த இணைப்பு தாங்கக்கூடிய சுற்றுகளின் எண்ணிக்கை சுமார் எட்டு மடங்காகிவிடும். காலை நேர லண்டனில், நிற்க இடமில்லாமல் ஆள் அடைத்துக்கொண்டு இரண்டிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கிளம்பிய பெட்டி, இனிமேல் பாதி இருக்கை காலியாக, மணிக்கு ஒருமுறை கிராமத்துக்குப் போய்வரப் போகிறது. அதே உலோகத்துக்கு இது ஓய்வூதிய வாழ்க்கை மாதிரி. முதலில் விரிசல்களைத் தேட வேண்டும். நிறமிட்ட திரவத்தைப் பூசி அது எங்கே ஊறி நிற்கிறது என்று பார்ப்பது ஒரு வழி, மீயொலி அலையை உள்ளே அனுப்பி எதிரொலி கேட்பது இன்னொரு வழி. அதில் தேறிவிட்டால் மிச்சமிருக்கும் ஆண்டுகள் தாராளமாகக் கிடைக்கும்.

அடுத்தது மின்சாரம். லண்டன் சுரங்க ரயிலுக்கு நான்கு தண்டவாளங்கள். இரண்டில் சக்கரம் ஓடும், மற்ற இரண்டும் மின்சாரம் கொண்டுவந்து திருப்பி எடுத்துச் செல்லும். கிளைப்பாதையில் அந்த வசதி ஏது? மின்சாரத்தைப் பெட்டிக்கு அடியிலேயே உற்பத்தி செய்ய வேண்டும். விவாரெயில் இதற்குத் தேர்ந்தெடுத்தது ரயிலுக்கென்றே செய்த பெரிய என்ஜின் அல்ல, ஃபோர்டு நிறுவனத்தின் வேன்களிலும் பிக்கப்புகளிலும் வரும் 3.2 லிட்டர், ஐந்து சிலிண்டர் டீசல் என்ஜின். ஒன்றின் திறன் சுமார் 200 குதிரைத்திறன், அதாவது 147 கிலோவாட். இரண்டு பெட்டி ரயிலுக்கு நான்கு என்ஜின் என்றால் ஏறத்தாழ 590 கிலோவாட் ஆயிற்று. என்ஜின் மின்னாக்கியைச் சுழற்றும். வரும் மின்சாரம் முதலில் நேர்மின்சாரமாக்கப்படும், பிறகு மின்னணுச் சுற்று அதை வேண்டிய அதிர்வெண்ணில் மாறுமின்சாரமாக வெட்டிக் கொடுக்கும், அதில் புதிய மோட்டார்கள் சுழலும். பழைய நேர்மின்சார மோட்டாரில் தேய்ந்துகொண்டே இருக்கும் கார்பன் பிரஷ்கள் புதியதில் இல்லை.

வேன் என்ஜினா என்று ரயில்வேக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு இது இந்தத் திட்டத்திலேயே மிகப் புத்திசாலித்தனமான முடிவாகப் படுகிறது. என்ஜின், மின்னாக்கி, குளிர்விக்கும் ரேடியேட்டர் எல்லாம் ஒரே சட்டத்தில் அடங்கிவிடும். கெட்டுப்போனால் தூக்கு வண்டி வைத்து அந்தச் சட்டத்தை உருவி, வேறொன்றைச் சொருகலாம். ரயிலைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. உதிரிபாகம் எந்த ஊர் வேன் மெக்கானிக்குக்கும் பழக்கமானது. காரைப் போலவே நிலையத்தில் நிற்கும்போது என்ஜினை அணைத்துவிடலாம். நான்கில் ஒன்று படுத்தாலும் ரயில் வீடு வந்து சேரும்.

ஆனால் சாலையில் ஓடும் என்ஜினைப் பெட்டியின் அடிவயிற்றில் கட்டித் தொங்கவிடுவதில் ஆபத்து இல்லாமலில்லை. 2016 டிசம்பர் 30 அன்று சோதனை ஓட்டத்தில், கெனில்வொர்த் அருகே முதல் மாதிரி ரயிலின் அடியில் தீப்பிடித்தது. எரிபொருள் கசிவே காரணமாக இருக்கும் என்று நிறுவனத்தின் விசாரணை சொன்னது. காவென்ட்ரி பக்கம் பயணிகளை ஏற்றிப் பார்ப்பதாக இருந்த திட்டம் கைவிடப்பட்டது. என்ஜின் தொகுதியை மறுபடி வடிவமைத்துப் பயணிகளிடம் கொண்டுவர 2019 ஏப்ரல் ஆனது: பெட்ஃபர்டுக்கும் பிளெட்ச்லிக்கும் இடையே, சுமார் 26 கிலோமீட்டர் நீளமுள்ள மார்ஸ்டன் வேல் பாதை. பிரிட்டனின் ரயில் வகை எண்படி, மாறிய ரயிலின் பெயர் கிளாஸ் 230.

சுரங்க ரயிலுக்குத் தேவைப்படாத சில சமாச்சாரங்கள் கிராமத்தில் தேவைப்படும். சுரங்கப்பாதையில் லெவல் கிராசிங் கிடையாது. கிராமத்தில் டிராக்டர் குறுக்கே நிற்கலாம். எனவே ஓட்டுநர் அறையின் முகப்பை வலுப்படுத்த வேண்டும். லண்டனில் கழிப்பறை பற்றி யாரும் கேட்டதில்லை; இங்கே அது வேண்டும், அதுவும் சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்கு. ஒரு கழிப்பறை என்றால் தண்ணீர்த் தொட்டி, கழிவைத் தேக்கும் தொட்டி, அதை உறிஞ்சி எடுக்க நிலையத்திலோ பணிமனையிலோ ஓர் ஏற்பாடு, குளிரில் குழாய் உறையாமல் சூடேற்றும் வசதி, இத்தனைக்கும் கூடுதல் எடை. நீளவாட்டில் போட்ட இருக்கைகளில் சிலவற்றை எடுத்துவிட்டு எதிரும் புதிருமாகப் போட வேண்டும், நடுவில் மேசை வேண்டும், வைஃபை வேண்டும். பயணிக்குக் கண்ணில் படுவது இவைதான். செலவும் நேரமும் அடியில் போகின்றன, பாராட்டு இருக்கைத் துணிக்குக் கிடைக்கிறது.

கலிஃபோர்னியாவில் இதே வேலை வேறு திசையிலிருந்து நடந்தது. அந்த மாநிலப் போக்குவரத்துத் துறை 2008இல் நியூஜெர்சியிடமிருந்து 14 ‘காமெட்’ பெட்டிகளை வாங்கியது. அவை 1968 வாக்கில் மோட்டாருடன் கூடிய மின்சாரப் பெட்டிகளாகப் பிறந்தவை. 80களில் மோட்டாரை எடுத்துவிட்டு, என்ஜின் இழுக்கும் சாதாரணப் பெட்டிகளாக மாற்றப்பட்டன. வாங்கிய பின் வயேஹோ நகரில் மீண்டும் புதுப்பித்து, 2013இல் சான் வாக்கின் பள்ளத்தாக்கு ரயிலில் விட்டார்கள். அங்கே சிக்கல் சின்னது, ஏனென்றால் இழுக்கப்படும் பெட்டிக்குத் தானாக ஓடும் கவலை இல்லை. விளக்குக்கும் குளிர்சாதனத்துக்குமான மின்சாரம் முன்னால் போகும் என்ஜினிலிருந்து கேபிளில் வரும். பிரேக்கும் கதவும் இருக்கையும் பார்த்தால் போதும். நெடுந்தூரத்துக்கு ஏற்ப இருக்கையை விசாலமாக்கினால் வேலை முடிந்த மாதிரி. ஒரு பெட்டியைப் புதுப்பிக்க எத்தனை பாடு என்பதை அதன் வயதை வைத்து அளக்க முடியாது, அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

டி78க்குத் திரும்புவோம். அதே உடல், வேறு வேறு வயிறு என்பது விவாரெயிலின் வியாபாரம். இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவில் ரைடு துறைமுகப் பாலத்திலிருந்து ஷாங்க்ளின் வரை ஓடும் சிறு பாதையில் 1967 முதலே பழைய லண்டன் ரயில்கள்தான் ஓடுகின்றன. அங்குள்ள சுரங்கத்தின் உயரம் குறைவு, சாதாரண ரயில் நுழையாது. 1938இல் வடிவமைத்த பெட்டிகள் 2021 ஜனவரிவரை அங்கே ஓடின என்றால் நம்புவீர்களா? அவற்றின் இடத்தில் டி78இன் மறுபிறவியான ஐந்து கிளாஸ் 484 ரயில்கள் அந்த நவம்பரில் வந்தன. மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பதால் இருப்பதிலேயே எளிய மாற்றம் இதுதான். இருந்தும் தாமதமானது, காரணம் மென்பொருள். நாற்பது வயது உலோகம் ஒத்துழைத்தது, புதிதாக எழுதிய நிரல் மக்கர் செய்தது.

வேல்ஸின் ரெக்ஸம்–பிட்ஸ்டன் பாதைக்கு மின்கலமும் டீசலும் கலந்த மூன்று பெட்டி வடிவம். இரு முனைப் பெட்டிகளில் மின்கலம், நடுப்பெட்டியின் அடியில் டீசல் மின்னாக்கிகள். ரயில் நகர்வது மின்கலத்தால், டீசலின் வேலை அதை நிரப்பி வைப்பது. நின்று நின்று போகும் பாதைக்கு இது ஏன் பொருந்துகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 டன் ரயில் நொடிக்கு 27 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 97 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 36 மெகாஜூல், அதாவது 10 யூனிட் மின்சாரம். டீசல் மட்டும் உள்ள ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் இதைப் பிரேக்கின் சூடாகக் காற்றில் விட்டுவிடும். மின்கலம் இருந்தால் மோட்டாரையே மின்னாக்கியாகத் திருப்பி, அதில் கணிசமான பங்கைத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம்.

இந்த வேல்ஸ் ரயில்கள் 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கியபோது அவற்றைச் செய்த நிறுவனம் உயிரோடு இல்லை. 2022 டிசம்பர் தொடக்கத்தில் விவாரெயில் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போனது. அதே மாதம் ஷூட்டரும் காலமானார். மார்ஸ்டன் வேல் பாதையின் மூன்று ரயில்களையும் பராமரித்து வந்தது விவாரெயில்தான். ஆகவே அவை அப்படியே நின்றன. நின்றதற்குக் காரணம் விரிசலோ என்ஜின் பழுதோ அல்ல. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பயணிகள் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பேருந்தில் போனார்கள். 2023 நவம்பரில் ரயில் திரும்பியபோது வந்தது 1980களின் கிளாஸ் 150, பிரிட்டன் முழுக்கப் பரவியிருப்பதால் பல பணிமனைகளுக்கு அத்துப்படியானது. வைட் தீவும் வேல்ஸும் தப்பித்ததற்கும் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. பராமரிப்பு அந்தந்த ரயில் நிறுவனத்தின் கையில் இருந்தது. மறுபிறவிப் பெட்டிகளை வாங்க நினைக்கும் எவரும் உலோகச் சோதனை அறிக்கைக்கு முன்னால் பராமரிப்பு ஒப்பந்தத்தைத்தான் படிக்க வேண்டும்.

திவாலுக்குப் பின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, விவாரெயிலின் மின்கலத் தொழில்நுட்ப உரிமையை வாங்கியது. கூடவே அங்கு வேலை பார்த்த சிலரையும் சேர்த்துக்கொண்டது. இரண்டாவதுதான் உண்மையான சொத்து என்பது என் கருத்து. மேற்கு லண்டனில் வெஸ்ட் ஈலிங்கிலிருந்து கிரீன்ஃபர்டு வரை 4 கிலோமீட்டர் கிளைப்பாதையில், மின்கலம் மட்டுமே கொண்ட ஒரு கிளாஸ் 230ஐ வைத்துச் சோதித்தார்கள். நிலையத்தில் நிற்கும் மூன்றரை நிமிடத்தில் மின்னேற்றம் முடிய வேண்டும். அந்த நேரத்தில் 50 யூனிட் ஏற்ற வேண்டுமானால் சுமார் 850 கிலோவாட் தேவைப்படும். இதைக் கேட்டால் தெருமுனை மின்மாற்றி தாங்காது. அதனால் தண்டவாளத்தின் பக்கத்தில் ஒரு மின்கலத் தொகுப்பை வைத்து, சாதாரண இணைப்பிலிருந்து அதை நிதானமாக நிரப்பிக்கொண்டு, ரயில் வந்ததும் ஒரே மூச்சில் ஊற்றிவிடுகிறார்கள். மின்சாரம் பாயும் குட்டைத் தண்டவாளங்கள் ரயில் முழுதாக மேலே வந்து மூடிய பிறகே உயிர் பெறும், யாரும் தவறி மிதித்தாலும் ஷாக் அடிக்காது.

2025 ஆகஸ்டில் அதே ரயிலை முழுதாக மின்னேற்றிப் பிரதான பாதையில் ஓட விட்டார்கள். நடுவில் ஒருமுறைகூட மின்னேற்றாமல் 200.5 மைல், அதாவது 322 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாக ஓடியது. அதற்கு முன்பு 139 மைல் சாதனையைக் கையில் வைத்திருந்தது ஜெர்மனியில் ஓடிய ஸ்டாட்லர் நிறுவனத்தின் ரயில். அது மின்கலத்துடன் புதிதாகவே கட்டியது.