மாஸ்க் போட்டிருந்தேனே அண்ணா!

வீட்டிலேயே காருக்குப் பெயின்ட் அடித்துவிட்டு என் பட்டறைக்கு வருகிறவர்களில், இந்த வருடத்தில் இது மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேரிடம் பொறுமையாகத்தான் பேசினேன். மூன்றாவது தம்பி, பட்டறைக்குள் காரை விட்டுவிட்டு இறங்கும்போதே இருமிக்கொண்டு இறங்கினான். எனக்கு அப்போதே வயிறு பிசைந்தது.

கார் ஒரு சிட்டி கோல்ஃப். தாத்தாவின் வண்டி. 1984-ல் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வந்து 2009 வரை இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே செய்துகொண்டிருந்தார்களே, அதே வண்டி. தாத்தா ஓட்டிய மஞ்சளிலேயே மினுங்க வேண்டும் என்று, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் தன் வீட்டுக் கேரேஜிலேயே நான்கு வார இறுதிகள் மெனக்கெட்டிருக்கிறான். பானெட்டில் கிளியர், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் பளபளப்புப் பூச்சு, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரவென்று நின்றது; ஒரு கதவில் வழிந்து தோரணம் கட்டியிருந்தது. முதல் தடவைக்கு அது ஒன்றும் கேவலமில்லை. என் முதல் கதவு இதைவிட மோசம்.

"இருமல் எத்தனை நாளா?" என்றேன். மூன்று வாரமாம். பகலில் தேவலையாம், ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சை அடைக்கிறதாம். டாக்டர் ஃப்ளூ என்று மருந்து கொடுத்திருக்கிறார். பெயின்ட் அடித்ததை அவரிடம் சொன்னாயா என்று கேட்டால், "அதுக்கும் இதுக்கும் என்னண்ணா சம்பந்தம்? மாஸ்க் போட்டிருந்தேனே!"

எந்த மாஸ்க்? கோவிட் காலத்தில் வாங்கி மிஞ்சிக் கிடந்த நீல மாஸ்க்.

இதைத்தான் எழுதி வைக்கிறேன், இனி ஒவ்வொருவரிடமும் தொண்டை வறளக் கத்த முடியாது. இப்போது கடையில் வாங்கும் பளபளப்பான கிளியர் பெரும்பாலும் டூ-கே. ஒரு டின் கிளியர், அதை இறுக வைக்க ஒரு சின்ன டின் ஹார்டனர், இரண்டையும் கலந்து அடிக்கிறோம். கையடக்க ஸ்ப்ரே கேனிலும் வருகிறது: அடியில் உள்ள பொத்தானை அழுத்திக் குலுக்கச் சொல்கிறார்களே, அழுத்தியதும் உள்ளே கலப்பது அந்த ஹார்டனர்தான். அதில் இருப்பது ஐசோசயனேட் என்கிற ரசாயனம். போபாலில் 1984 டிசம்பரில் கசிந்ததும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றே. பதற வேண்டாம், அது வேறு, இது வேறு. இது அப்படிப் புகையாகக் கிளம்பி ஊரை அழிக்காது. ஆனால் ஸ்ப்ரே கன்னில் போட்டுத் தூவினால் பனிபோல மிதந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது.

எனக்கு உச்சி காய வைப்பது அடுத்த பேச்சு: "வாடையே வரலையே அண்ணா, அப்புறம் என்ன?" வாடை வருவது தின்னருக்கு. மூக்கில் ஏறுகிறதே, தலை கிறுகிறுக்கிறதே, அது தின்னர். ஐசோசயனேட்டை மூக்கு கண்டுபிடிக்காது. உடம்பைக் கெடுக்கும் அளவைத் தாண்டிப் போன பிறகும் மூக்குக்குத் தெரியாமலிருக்கும். ஆகவே, வாடை போய்விட்டது என்று மாஸ்க்கைக் கழற்றுகிறவன், கண்ணை மூடிக்கொண்டு ரோபோவில், அதாவது சிக்னலில், பச்சை விழுந்துவிட்டது என்கிறவன் மாதிரி. வாடை அடங்கி, கிளியர் பளபளவென்று தெரிய, "பார்க்கலாம் எப்படி வந்திருக்கு" என்று மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முகத்தை அருகே கொண்டுபோகிறார்களே, கண்ணுக்குத் தெரியாத பனி அப்போதும் கேரேஜுக்குள் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மூவரில் இரண்டு பேர் சரியாக இதைத்தான் செய்தார்கள்.

நீல மாஸ்க் தும்மலுக்கு. தூசிக்கான கப் மாஸ்க், பட்டி தேய்க்கும்போது வரும் தூசிக்கு. இரண்டும் இதற்கு ஆகாது. கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க் ஓரளவு தடுக்கும். ஆனால் கரி தீர்ந்துபோனால் தெரியவேண்டுமே? வாடை வைத்துத்தான் மாற்றுவார்கள், இதற்கோ வாடையே இல்லை. அதனால்தான் டூ-கே அடிக்கும் பட்டறையில் வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வரும் முகமூடி வைக்கிறோம். உடனே ஒருவன் கேட்டான், வீட்டு கம்ப்ரசரில் ஒரு குழாய் மாட்டிக்கொள்ளவா என்று. மாட்டாதே, சாமி! எண்ணெய் ஊற்றி ஓடும் கம்ப்ரசர் சூடேறினால் கார்பன் மோனாக்சைடு வரலாம். மூச்சுவிடும் காற்றுக்கென்றே செய்த தனி அமைப்பு வேண்டும்.

இன்னொன்று. தாடி. காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் சவரம் செய்யாமல் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! விரதம் நல்லது. ஆனால் தாடி மேல் மாஸ்க் ஒட்டாது, இடுக்கு வழியாக எல்லாம் உள்ளே போகும். தைப்பூசம் முடியட்டும், பெயின்ட் காத்திருக்கும். அந்த மாதத்து டர்பன் ஈரக்காற்றில் அடித்தாலும் பளபளப்பு மங்கித்தான் நிற்கும்.

தோலையும் மறந்துவிடக் கூடாது. நைட்ரைல் கையுறை, முழுக்கை உடுப்பு, கண்ணுக்கு மூடிய கண்ணாடி. கையில் பட்ட ஹார்டனரைத் தின்னரால் துடைக்காதே, சோப்பும் தண்ணீரும் போதும்.

இதில் மோசமானது என்னவென்றால் ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அதன் பிறகு துளி பட்டாலும் இளைப்பு வரும். ஆயுசுக்கும் இருக்கலாம். பல பேருக்கு உடனே வராது. சாயங்காலமோ ராத்திரியோ, பல மணி நேரம் கழித்து வரும். அதனால்தான் யாரும் பெயின்ட்டோடு அதை முடிச்சுப் போடுவதில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாமா முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் அடித்தார். கடைசி வருடங்களில் இளைப்புக்கு உறிஞ்சும் பம்ப் இல்லாமல் வீட்டுப் படி ஏற மாட்டார். சிகரெட்டால் வந்தது என்றே நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். அவர் சிகரெட் குடித்ததேயில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

உன் வீட்டோடு இது நிற்பதுமில்லை. சாட்ஸ்வர்த்தில் பாதி வீடு சுவரோடு சுவர் ஒட்டியது. கேரேஜ் கதவைத் திறந்து வைத்து ஊதினால் பக்கத்து ஆயாவின் சமையலறைக்குள் போகும், துணிக்கொடியில் காயும் பள்ளிச் சட்டையில் மஞ்சள் புள்ளி விழும். சட்டை போனால் சண்டையோடு போகும். அந்த வீட்டில் இளைப்புக்காரக் குழந்தை இருந்தால்?

நெருப்பைப் பற்றி நீட்டி எழுதமாட்டேன், இது தெரியாமல் தின்னரைத் தொடுகிறவனுக்கு நான் எழுதியும் பயனில்லை. தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும். கேரேஜில் கேஸ் கீசர், பழைய ஃபிரிட்ஜ், மேசை ஃபேன், கரண்ட் போனால் ஓட்டும் ஜெனரேட்டர், எதுவும் கூடாது.

சரி, வீட்டில் ஒன்றுமே செய்யக்கூடாதா? செய், தாராளமாகச் செய். இந்தத் தொழிலில் முக்கால்வாசி வேலை பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது, அதில் ஐசோசயனேட் கிடையாது. முதலில் காரைக் கழுவி, மெழுகும் எண்ணெயும் போக டிகிரீசர் போட்டுத் துடை. டேஷ்போர்டு, டயர் பளபளப்புக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்ப்ரே கேரேஜ் பக்கமே வரக்கூடாது. ஒரு துளி விழுந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் விலகி மீன்கண் போல் குழி விழும். கடற்காற்று தின்ற துருவைக் கம்பி பிரஷ்ஷால் சும்மா உரசி விடாதே, பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை இறங்கு. பட்டி வைத்தால் 80-ல் தொடங்கி 180, 320 என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டே வா. நடுவில் ஒன்றைத் தாண்டினால் கீறல் பெயின்ட்டுக்கு மேல் பல் இளிக்கும். பிரைமர் வாங்கும்போது ஹார்டனர் சேர்க்காத ஒன்-கே தானா என்று டின்னைத் திருப்பிப் படி, டூ-கே பிரைமரும் இருக்கிறது. காய்ந்ததும் 600-ல் தண்ணீர் விட்டுத் தேய். இது எல்லாம் உன் கை, உன் நேரம். தூசிக்கான நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு ஜூன், ஜூலையில் செய், ஈரம் குறைவு. மலைக்காற்று புழுதி கிளப்பும் நாளில் மட்டும் பிரைமர் அடிக்காதே.

பேஸ் என்கிற நிறப்பூச்சு, கிளியர் இரண்டுக்கும் பூத், அதாவது பெயின்ட் அடிக்கவென்றே மூடிய அறை, இருக்கிற ஒரு பட்டறைக்குக் கொண்டு வா. தேய்த்து முடித்த காரைக் கொண்டுவருகிறவனைக் கண்டால் பெயின்டருக்கு முகம் மலரும், கூலியும் இறங்கும். கிளியர் நன்றாக இறுகிய பிறகு 1500, 2000 உப்புத்தாள், பிறகு பாலிஷ் காம்பவுண்டு என்று மெருகேற்றும் வேலையைத் திரும்ப வீட்டிலேயே செய்துகொள். விளிம்பில் மட்டும் கையை எடுத்துவிடு. கிளியர் ஏறக்குறைய 50 மைக்ரான்தான், தலைமுடி இழையைவிட மெல்லியது.

நிறத்தையே மாற்றினால் பதிவு அலுவலகத்தில் சொல்லிவிடு, பதிவில் பழைய நிறம் நிற்கும். ஹார்டனர் டின் மிஞ்சினால் இறுக மூடி வை. ஆனால் ஏற்கெனவே ஈரம் புகுந்த டின்னை அடைத்து வைத்தால் உள்ளே வாயு கட்டி உப்பும். ஒரு தம்பி அதைச் சமையலறை சிங்க்குக்கு அடியில் வைத்திருந்தான். அதைப் பற்றிப் பேசவே எனக்குத் தெம்பில்லை.

சிட்டி கோல்ஃப் தம்பியை அன்றே டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன், ஹார்டனர் டின்னையும் கையில் கொடுத்து, அதில் எழுதியிருப்பதைக் காட்டச் சொல்லி. மூச்சுப் பரிசோதனை எடுக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. காரின் கிளியரை நான் தேய்த்து எடுத்துவிட்டேன், புதன்கிழமை திரும்ப அடிக்கிறேன். பூத்துக்குள் நின்று பார்க்கலாமா அண்ணா என்று நேற்றும் கேட்டான். கேட்டுக்கு வெளியே அவன் அம்மாவின் பாக்கி வண்டியில் (பிக்கப்பில்) உட்கார்ந்து பார்க்கட்டும், கண்ணாடியை ஏற்றிவிட்டு.