அமெரிக்க ஏரிகளில் படகு விடுபவர்களுக்கு: லைஃப் ஜாக்கெட் சட்டமும் சரியானதைத் தேர்ந்தெடுப்பதும்

கோடை வந்துவிட்டால் டாலஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் லூயிஸ்வில் ஏரிக்கும், அட்லாண்டாக்காரர்கள் லேக் லேனியருக்கும் கிளம்பிவிடுவார்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் வைத்த பாண்டூன் படகு ஒன்றை வாடகைக்கு எடுப்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி தொடங்கி கைக்குழந்தை வரை எல்லோரும் அதில் இருப்பார்கள். வாடகைக்கு விடுபவர் ஒரு மூட்டை ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைக் கொண்டுவந்து போடும்போது, "எல்லாரும் போட்டே ஆகணுமா?" என்று யாராவது கேட்பார்கள்.

பெரியவர்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இல்லை. ஃபெடரல் சட்டம் கேட்பது இவ்வளவுதான்: படகில் எத்தனை பேரோ அத்தனை லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் அமெரிக்கக் கடலோரக் காவல் படையான கோஸ்ட் கார்டின் ஒப்புதல் பெற்றதாகவும், அணிபவரின் அளவுக்குப் பொருந்துவதாகவும், கிழிசல் இல்லாமலும் இருக்க வேண்டும். சட்டென்று கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருக்க வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் இருந்தாலோ, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தாலோ அது கணக்கில் வராது. படகு 16 அடியோ அதற்கு மேலோ நீளம் என்றால், தண்ணீரில் விழுந்தவரை நோக்கி வீசுவதற்கான மிதவை ஒன்றும் கூடுதலாக வேண்டும். சதுர மெத்தை போலவோ வளையமாகவோ இருக்கும். கயாக், கனூ என்ற ஒல்லியான துடுப்புப் படகுகளுக்கு இந்த வீசும் மிதவை தேவையில்லை, ஆனால் ஆளுக்கொரு ஜாக்கெட் கட்டாயம். நின்றுகொண்டு துடுப்புப் போடும் பேடில் போர்டும், நீச்சலுக்கும் அலைச்சறுக்குக்கும் ஒதுக்கிய பகுதியைத் தாண்டிவிட்டால், படகுதான்.

குழந்தைகளுக்கு மட்டும் சட்டம் கண்டிப்பானது. படகு போய்க்கொண்டிருக்கும்போது 13 வயதுக்கு உட்பட்டவர்கள் ஜாக்கெட்டை உடலில் அணிந்தே இருக்க வேண்டும். கீழ்த்தளத்திலோ மூடிய அறைக்குள்ளோ இருந்தால் விலக்கு. பாண்டூன் படகின் மேல் விரித்திருக்கும் துணிக் கூரை மூடிய அறை ஆகாது. இன்னொன்றையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இன்ஜினை அணைத்துவிட்டால் படகு நின்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில், நங்கூரம் போடாமல், கரையில் கட்டாமல், தரை தட்டாமல் இருக்கிற எந்தப் படகும் போய்க்கொண்டிருக்கிற படகுதான். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்காக நடு ஏரியில் சும்மா மிதக்கும்போதும் பிள்ளைகளின் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது.

மாநிலத்துக்கென்று தனி வயது வரம்பு இருந்தால் அங்கே அதுதான் செல்லும். டெக்சாஸில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அணிய வேண்டும். நியூயார்க்கில் 12 வயதுக்குக் கீழே. மிச்சிகனிலோ 6 வயதுக்குக் கீழே என்றுதான் இருக்கிறது, 7 வயதுப் பிள்ளை நன்றாக நீந்திவிடும் என்று யார் நினைத்தார்களோ தெரியவில்லை. குளிர்காலத்தில் சில மாநிலங்கள் பெரியவர்களையும் விடுவதில்லை. நியூயார்க்கில் நவம்பர் 1 முதல் மே 1 வரை 21 அடிக்குக் குறைந்த படகில் இருக்கும் எல்லோரும் அணிய வேண்டும். பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை 16 அடிக்குக் குறைந்த படகுகளிலும், எந்த நீளமானாலும் கயாக், கனூவிலும் அப்படித்தான். ஜெட் ஸ்கீ ஓட்டுபவர்களும் அதில் பின்னால் உட்காருபவர்களும் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் எந்தப் பருவத்திலும் அணிய வேண்டும்.

பெரியவர்களுக்குச் சட்டம் விட்டுக்கொடுத்த இந்த இடத்தில்தான் உயிர்கள் போகின்றன. கோஸ்ட் கார்டின் 2023 கணக்கின்படி பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். காரணம் தெரிந்த மரணங்களில் 75 சதவீதம் நீரில் மூழ்கியதால் நேர்ந்தவை. அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் ஜாக்கெட் அணியவில்லை. "எனக்கு நீச்சல் தெரியும்" என்பது இங்கே பெரிதாக உதவாது. ஊர்க் கிணற்றிலும் வாய்க்காலிலும் கற்ற நீச்சல் வெதுவெதுப்பான தண்ணீருக்கானது. ஏப்ரல் மாத ஏரியில் திடீரென்று விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. ஏறத்தாழ பத்து நிமிடத்துக்குள் கைகால்கள் மரத்துப்போய்ச் சொன்னபடி கேட்காமல் போகும். அந்த நிலையில் மிதந்துகொண்டிருக்கும் ஜாக்கெட்டைப் பிடித்து, கைவிட்டு, பக்கிள் மாட்டுவது நடக்கிற காரியமில்லை.

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டியது, நாள் முழுக்கக் கழற்றாமல் இதைப் போட்டிருப்பேனா என்பதுதான். மற்றதெல்லாம் அதன் பிறகு.

முதலில் உட்புறத்து லேபிளைப் பாருங்கள். கோஸ்ட் கார்டு ஒப்புதல் எண் இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் உடுப்புதான். பழைய லேபிள்களில் டைப் 1 முதல் 5 வரை இருக்கும். டைப் 1 கடலுக்கானது, கனமானது, மயங்கியவரையும் பெரும்பாலும் முகம் மேலே வரும்படி திருப்பிவிடும். கழுத்தைச் சுற்றி மாட்டும் ஆரஞ்சு நிற ஜாக்கெட் டைப் 2. வாடகைப் படகுகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். கழுத்தை உரசும் என்பதால் பத்து நிமிடத்தில் எல்லோரும் கழற்றிவிடுவார்கள். கையில்லாத கோட்டு போன்ற டைப் 3 உடலோடு ஒட்டி இருக்கும், துடுப்புப் போட வசதி, ஆனால் மயங்கியவரைத் திருப்பிப் போடும் என்று நம்ப முடியாது. டைப் 4 வீசும் மிதவை, டைப் 5 குறிப்பிட்ட வேலைகளுக்கானது. புதிய லேபிள்களில் இந்த வகைகள் இல்லை. 50, 70, 100, 150, 275 என்று மிதப்புத் திறனை நியூட்டன் கணக்கில் போடுகிறார்கள். எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் கோடு அடித்த படங்களும் இருக்கும். பழைய லேபிள் ஜாக்கெட் நல்ல நிலையில் இருந்தால் இன்னமும் செல்லும்.

எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தலை தண்ணீருக்கு மேல் நிற்க, பெரும்பாலான பெரியவர்களுக்குக் கூடுதலாக 7 முதல் 12 பவுண்டு மிதப்பு போதும். சாதாரண டைப் 3 ஜாக்கெட்டே 15.5 பவுண்டு தருகிறது. கரை கண்ணுக்குத் தெரிகிற ஏரிக்கு அது போதுமானது.

காற்று நிரம்பும் ஜாக்கெட்டுகள் மெலிதாக, சட்டை மேல் இருப்பதே தெரியாமல் இருக்கும். வெயிலுக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒப்புதல் இல்லை, ஜெட் ஸ்கீக்கும் ஆகாது. உடலில் இருந்தால்தான் கணக்கு என்று சிலவற்றின் லேபிளில் எழுதியிருக்கும், அவற்றை இருக்கையில் வைத்துவிட்டு எண்ணிக்கை காட்ட முடியாது. வாயு உருளை தீர்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். நீச்சல் தெரியாதவர்களுக்கு இதை வாங்கித் தராதீர்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு நுரை வைத்த ஜாக்கெட்தான் சரி. புடவை கட்டியிருந்தால் முந்தானையை இழுத்துச் செருகிவிட்டு, பக்கிள் எல்லாவற்றுக்கும் மேலே வரும்படி மாட்டிவிடுங்கள்.

அளவு விஷயத்தில் பெரியவர்களுக்கு மார்புச் சுற்றளவு, பிள்ளைகளுக்கு எடை. 30 பவுண்டு வரை கைக்குழந்தை அளவு, 30 முதல் 50 வரை சிறுவர் அளவு, 50 முதல் 90 வரை அடுத்தது. 90 பவுண்டுக்கு, அதாவது சுமார் 41 கிலோவுக்கு மேலே பெரியவர் அளவு. அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் நம் வழக்கத்தை இதில் காட்டவே கூடாது. மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் தாடையையும் காதையும் தாண்டி ஏறினால் அது பெரிது. சின்னக் குழந்தைகளுக்குத் தலையைத் தாங்கும் காலர், கால்களுக்கிடையே போகும் பட்டை, பிடித்துத் தூக்கக் கைப்பிடி மூன்றும் இருக்க வேண்டும். நீச்சல் குளத்தில் கையில் மாட்டும் காற்றுப் பைகள் படகில் செல்லாது.

ஜாக்கெட்டை மடித்துப்போட்டு அதன் மேல் உட்காராதீர்கள். நுரை நசுங்கி மிதப்பு குறையும். பிள்ளைகளுக்குத் தனியாக வாங்க வேண்டாம் என்று நினைத்தால், பல ஏரிக்கரைகளில் இலவசமாக இரவல் எடுப்பதற்கான ஜாக்கெட்டுகளை மாட்டி வைத்த பலகைகள் நிற்கின்றன. அளவு பார்த்து எடுத்து, மாலையில் திருப்பி மாட்டிவிட்டு வந்தால் போதும். ஆனால் விடுமுறை நாளில் காலையிலேயே போய்விட வேண்டும், சின்ன சைஸ்தான் முதலில் தீரும்.