விஎஃப்டியிலிருந்து மோட்டார் வரை: சாதாரண கேபிள் ஏன் போதாது?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் பம்ப் அறையிலும், கடைத்தொகுதியின் ஏசி பிளான்ட் அறையிலும் விஎஃப்டி, அதாவது மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ், இப்போது சகஜம். காற்றாடி மோட்டாரின் வேகத்தை 80 விழுக்காட்டுக்குக் குறைத்தால் மின்செலவு ஏறக்குறையப் பாதியாகிறது. வேறு காரணம் எதற்கு? ஆனால் பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு அதே கேபிளில் டிரைவை மாட்டும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

நம் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மும்முனை மின்சாரத்தை டிரைவ் முதலில் டிசியாக்கும். உள்ளே 540 முதல் 565 வோல்ட் வரை நிற்கும். அதை ஐஜிபிடி எனும் அதிவேக மின்னணு சுவிட்சுகள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி அனுப்புகின்றன. ஒவ்வொரு துடிப்பும் 0.1 மைக்ரோவிநாடி போன்ற நேரத்தில் உச்சத்துக்கு ஏறிவிடும். கேபிளுக்குள் அந்த அலை மைக்ரோவிநாடிக்குச் சுமார் 150 மீட்டர் ஓடுகிறது. கணக்குப் போட்டால், கேபிள் 7.5 மீட்டரைத் தாண்டினாலே, மோட்டார் முனையில் மோதித் திரும்பும் அலை வருகிற அலைமீது ஏறிக்கொள்ளும். முனையில் 1,100 வோல்ட் வரை வரலாம். அடி வாங்குவது வைண்டிங்கின் முதல் சில சுற்றுகள். எரிந்த மோட்டாரை ரீவைண்ட் செய்து அதே கேபிளில் மாட்டினால் அதுவும் எரியும். டிரைவை மோட்டார் பக்கத்திலேயே வைப்பது முதல் தீர்வு. முடியாவிட்டால் டிரைவின் வெளிவாயிலில், வோல்ட் ஏறும் வேகத்தைத் தணிக்கும் டிவி-டிடி ஃபில்டர், அல்லது டிரைவுக்கென இன்சுலேஷன் செய்த மோட்டார்.

கேபிள் ஷீல்டு (உலோகப் பின்னல் உறை) போட்டதாக, மூன்று கம்பிகளும் சமச்சீராக அமைந்ததாக இருக்க வேண்டும். ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்ய வேண்டும். பலர் பின்னலைப் பிரித்து, முறுக்கி, வால் மாதிரி எர்த் ஸ்குரூவில் மாட்டிவிடுகிறார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் தொடர்பு சரியாகவே காட்டும். மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கோ அந்தச் சில சென்டிமீட்டர் வாலே பெரிய தடை. திரும்பிப் போக வழியில்லாத மின்னோட்டம் மோட்டார் பேரிங் வழியாக எர்த்தைத் தேடும். பேரிங் பாதையில் வரிவரியாகக் குழி விழும். ஷீல்டைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும் இஎம்சி கிளாண்டு விலை கூடுதல்தான். இங்கே மிச்சம் பிடிப்பது வீண்.

எர்த்தில் கசிவு 3.5 மில்லியாம்பியரைத் தாண்டுவது டிரைவுகளில் இயல்பு. எர்த் கம்பி விட்டுப்போனால் மோட்டார் உடலைத் தொடுபவருக்கு ஆபத்து. ஆகவே எர்த்துக்குக் குறைந்தது 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியோ, முதல் எர்த் கம்பியின் அளவிலேயே இரண்டாவது எர்த் கம்பியோ தேவை. எர்த் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போடுவதானால், மும்முனை டிரைவுக்கு டைப் பி மட்டுமே. மற்ற வகைகள் டிசி கசிவில் மந்தமாகிவிடும். உண்மையான ஆபத்திலும் டிரிப் ஆகாமல் போகலாம்.

உள்வரும் கேபிளை மோட்டாரின் ஆம்பியரை வைத்து அல்ல, டிரைவின் இன்புட் ஆம்பியரை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேபிள் குறைந்தது அதன் 125 விழுக்காட்டைத் தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் வயரிங் விதிநூலான என்இசி. சிங்கப்பூரில் வயரிங்குக்கான விதிநூல் எஸ்எஸ் 638. பழைய சிபி 5-இன் இடத்தில் 2018-இல் வந்தது. வேலையைப் பொறுப்பேற்பவர் எரிசக்திச் சந்தை ஆணைய உரிமம் பெற்ற எலெக்ட்ரிக்கல் ஊழியர்.

மோட்டார் அருகே ஐசொலேட்டர் (மின்சாரத்தைப் பிரிக்கும் சுவிட்சு) வைத்தால், அதன் துணைக் காண்டாக்ட் முந்தித் திறந்து டிரைவை நிறுத்த வேண்டும். ஓடும்போது பிரித்தால் டிரைவ் பழுதாகலாம். டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே பவர் ஃபாக்டர் கெப்பாசிட்டர் கூடவே கூடாது. மெகர் (இன்சுலேஷன்) சோதனைக்கு முன் மோட்டார் கேபிளை டிரைவிலிருந்து கழற்றிவிடுங்கள். அதற்கும் முன்னால், மின்சாரத்தை நிறுத்தி டிரைவின் லேபிளில் உள்ள நேரம் வரை காத்திருந்து, டிசி முனைகளில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று அளந்து பாருங்கள்.