பிரேசில் சோயா எந்த மண்ணில் விளைந்தது? கிடங்குகள் வழியே ஒரு கணக்கு

2023-ல் பிரேசில் 10 கோடி டன்னுக்கும் அதிகமான சோயாவைக் கப்பலேற்றியது. யார் அனுப்பினார்கள், எந்தத் துறைமுகம், எந்த நாட்டுக்கு என்பதையெல்லாம் வணிக ஆவணங்களிலிருந்து எடுத்துவிடலாம். எந்த ஊர் வயலில் விளைந்தது என்பதை மட்டும் அவை சொல்லாது. பல பண்ணைகளின் சோயா ஒரே சைலோவில் (தானியம் சேமிக்கும் உயரமான உருளைத் தொட்டி) கொட்டப்பட்டுக் கலந்துவிடுகிறது. காடழிப்பைக் கண்காணிப்பவர்களுக்கு வேண்டியதோ அந்த ஒரு தகவல்தான்.

அரசின் கோமெக்ஸ் ஸ்டாட் தளத்தில் முனிசிபியோ வாரியாகவே ஏற்றுமதிப் பட்டியல் கிடைக்கிறது. (முனிசிபியோ என்பது நகரத்தோடு சுற்றியுள்ள கிராமப்புறமும் சேர்ந்த நிர்வாகப் பகுதி.) புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்தப் பட்டியலின் முனிசிபியோ நெடுவரிசையில் இருப்பது ஏற்றுமதியாளரின் வரிப் பதிவு முகவரி, விளைந்த இடம் அல்ல. அதை அப்படியே நம்பினால் சாவோ பாவ்லோ மாநகரமே பெரிய சோயா வயல் என்றாகிவிடும். மாநில வாரிப் பட்டியல் வேறு வகை: வேளாண் பொருளுக்கு அதில் விளைந்த மாநிலம் குறிக்கப்படுகிறது. முனிசிபியோ எண்ணைத் துப்பாகவும் மாநில எண்ணைத் தணிக்கைக்கும் வைத்துக்கொள்வதே சரி.

துப்பைப் பிடித்து நடக்க உதவுவது சிஎன்பிஜே என்ற 14 இலக்க நிறுவனப் பதிவு எண். முதல் 8 இலக்கங்கள் நிறுவனத்துக்கு, அடுத்த 4 கிளைக்கு, கடைசி 2 சரிபார்ப்புக்கு. கிளை எண் பெரும்பாலும் 0001 என்றால் தலைமையகம். சரிபார்ப்பு இலக்கங்கள் 11-ஆல் வகுத்து வரும் மீதியிலிருந்து கிடைப்பவை. தட்டச்சுப் பிழை பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பாங்கோ டோ பிரேசில் வங்கியின் எண் 00.000.000/0001-91. இதை எக்செல்லில் சாதாரண எண்ணாகத் திறந்தால் முன்னால் உள்ள சுழியங்கள் விழுந்து 191 மட்டும் மிஞ்சும். ஆகவே இந்த எண் உள்ள நெடுவரிசையை எழுத்து வடிவமாகவே படிக்க வேண்டும். 2026 ஜூலையிலிருந்து புதிய பதிவுகளில் ஆங்கில எழுத்துகளும் வரும் என்று வரித்துறை அறிவித்திருப்பதால், இனி வேறு வழியும் இல்லை.

வரித்துறையான ரெசெய்ட்டா ஃபெடரல் இந்தப் பதிவேட்டை முழுமையாக வெளியிடுகிறது: கிளை முகவரி, தொழில் குறியீடு, பதிவு உயிரோடு இருக்கிறதா (02 என்றால் செயல்பாட்டில், 08 என்றால் மூடப்பட்டது). ஆனால் அதன் முனிசிபியோ குறியீடு 4 இலக்கம். புள்ளியியல் நிறுவனமான ஐபிஜிஈ பயன்படுத்துவது 7 இலக்கம். சாவோ பாவ்லோ ஒன்றில் 7107, மற்றதில் 3550308. இரண்டையும் இணைக்கும் அட்டவணையை முதலிலேயே தயார் செய்யாமல் ஊர்ப் பெயரைக் கொண்டு சேர்த்தால் வம்புதான். போம் ஜெசூஸ் என்ற பெயரில் ஐந்து மாநிலங்களில் முனிசிபியோக்கள் இருக்கின்றன. சோயாவுக்கு முக்கியமானது பியாவி மாநிலத்தில் இருப்பது. ஆல்டா ஃப்ளோரெஸ்டா மாட்டோ குரோசோ மாநிலத்தில் இருக்கிறது, ஆல்டா ஃப்ளோரெஸ்டா தோயெஸ்டே ரொண்டோனியா மாநிலத்தில்.

அடுத்தது கிடங்குகள். உணவு வழங்கல் நிறுவனமான கொனாப் நடத்தும் சிகார்ம் பதிவேட்டில் ஒவ்வொரு கிடங்குக்கும் தனிக் குறியீடு, உரிமையாளர், இருப்பிடம், வகை, டன்னில் கொள்ளளவு எல்லாம் உண்டு. மூட்டை அடுக்கும் கிடங்குகளைத் தள்ளிவிட்டு, தானியத்தை மொத்தமாகக் கொட்டும் கிடங்குகளையும் சைலோக்களையும் மட்டும் எடுங்கள். துறைமுக சைலோக்களையும் தனியே ஒதுக்க வேண்டும். சாந்தோஸ் துறைமுகத்துச் சைலோ நிரம்பியிருப்பது சாந்தோஸைப் பற்றி எதையும் சொல்லாது.

ஏற்றுமதியாளரின் எண்ணைக் கிடங்கு உரிமையாளரின் எண்ணோடு பொருத்துவதை மூன்று படிகளில் செய்யலாம். 14 இலக்கமும் ஒத்துப்போனால் சந்தேகமில்லை. 8 மட்டும் ஒத்தால் நிறுவனம் அதேதான், கிளை வேறு. சாவோ பாவ்லோ முகவரியில் ஏற்றுமதி செய்தவருக்கு மாட்டோ குரோசோவின் சொரிசோவிலோ ரொண்டோனோபோலிஸிலோ கிடங்கு இருப்பது இந்தப் படியில்தான் வெளிப்படும். எண்ணே இல்லாத பதிவுகளுக்கு மட்டும் பெயரும் முனிசிபியோவும் சேர்ந்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். பெயரை மட்டும் வைத்துப் பொருத்துவதை நாங்கள் கடைசி வழியாகக்கூடப் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு நிறுவனத்தை இன்னொன்று தன்னோடு இணைத்துக்கொண்டால் பழைய எண் மூடப்படும்; கிடங்குப் பதிவேட்டில் அதன் கிடங்கு பழைய எண்ணிலேயே தங்கிவிடலாம். மூடப்பட்ட எண்களைத் தூக்கி எறியாமல், மூடிய தேதியோடு புதிய உரிமையாளருக்கு மாற்றி எழுதும் பட்டியல் ஒன்று தேவை. பண்ணைக்காரர்களின் சொந்தச் சைலோக்கள் சிபிஎஃப் என்ற 11 இலக்கத் தனிநபர் எண்ணின் கீழ் வருவதால் இந்த வலையில் விழாது.

கொள்ளளவு என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு கொள்ளும் என்பதுதான், ஆண்டுக்கு எவ்வளவு கைமாறும் என்பதல்ல. ஆண்டின் முதல் மாதங்களில் சோயா, நடுவில் இரண்டாம் போக மக்காச்சோளம் என்று அதே சைலோ மறுபடி நிரம்பும். ரயில் முனையத்துக் கிடங்கோ பலமுறை நிரம்பிக் காலியாகும். எனவே கொள்ளளவை உச்ச வரம்பாக வைக்கக் கூடாது. ஒரு நிறுவனத்தின் ஏற்றுமதியை அதன் கிடங்குகளுக்குள் பங்கிடும் எடையாக மட்டும் வைக்கலாம்.

பங்கிட்டபின், ஐபிஜிஈயின் முனிசிபியோ வாரி விளைச்சலோடு கிடங்குகளை இணைக்க வேண்டும். வேளாண் பொருள்களின் வணிகப் பாதையைத் தடம் பிடிக்கும் டிரேஸ் திட்டம் இதற்கு நேரியல் திட்டமிடல் (சில நிபந்தனைகளுக்குள் மிகக் குறைந்த செலவைத் தேடும் கணித முறை) என்பதைக் கையாண்டது: எந்த முனிசிபியோவும் தன் விளைச்சலைவிட அதிகம் அனுப்ப முடியாது, எல்லாக் கிடங்குகளின் தேவையும் தீர வேண்டும், மொத்தப் போக்குவரத்துச் செலவு குறைவாக இருக்க வேண்டும். இதில் ஒரு கோளாறு உண்டு. அருகருகே இரண்டு கிடங்குகள் இருந்தால் போக்குவரத்துச் செலவில் சிறு மாற்றம்கூட ஒரு முனிசிபியோவின் சோயா முழுவதையும் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ வைத்துவிடும். அந்தச் செலவைச் சற்றே மாற்றிப் பலமுறை ஓட்டி, எந்த இணைப்புகள் நிலைக்கின்றன என்று பார்த்த பிறகே முடிவை வெளியிட வேண்டும்.

பிண்ணாக்கும் எண்ணெயும் கணக்கில் வரும்போது இன்னொரு கவனம் தேவை. ஒரு டன் சோயாவை ஆலையில் ஆட்டினால் ஏறக்குறைய 780 கிலோ பிண்ணாக்கும் 190 கிலோ எண்ணெயும் கிடைக்கும். இரண்டையும் தனித்தனியே முழுச் சோயாவாக மாற்றிக் கூட்டினால் அதே விதையை இருமுறை எண்ணியதாகும். ஆலை உள்ள முனிசிபியோவை வழியில் உள்ள ஒரு நிறுத்தமாக வைத்து, அங்கிருந்து மறுபடி விளைச்சல் பகுதிக்குப் பின்னோக்கிப் போக வேண்டும்.

கடைசியாக, முனிசிபியோ முடிவுகளை மாநில வாரியாகக் கூட்டி கோமெக்ஸ் ஸ்டாட்டின் மாநில எண்ணோடு ஒப்பிடுங்கள். பெரிய இடைவெளி தெரிந்தால் முதலில் கிடங்கு உரிமைப் பட்டியலைச் சோதியுங்கள், பிறகு எல்லை மாற்றங்களை. மாட்டோ குரோசோவில் 2025 ஜனவரி 1 அன்று போவா எஸ்பெரான்சா டோ நோர்ட்டே என்ற புதிய முனிசிபியோ நோவா உபிராட்டா, சொரிசோ இரண்டின் நிலத்தையும் எடுத்துக்கொண்டு உருவானது. எல்லையைத் திருத்தாமல் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அவ்விரண்டிலும் விளைச்சல் திடீரெனச் சரிந்ததாகத் தோன்றும்.