பின்னால் வருகிற வண்டி உங்கள் பொறுப்பு

மறுபடியும் அதே கதை. ஆஃப்ரோடு (கரடுமுரடான பாதையில் ஜீப் ஓட்டுகிற) குழு ஒன்றிலிருந்து ஏழு வண்டிகளில் சேர்ந்து காட்டுப்பாதையில் போயிருக்கிறார்கள். மெதுவாகத்தானே வருவார் என்று ஒரு புதியவரைக் கடைசியில் விட்டிருக்கிறார்கள். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஆறாவது வண்டிக்காரர் முன்னால் தெரிந்த புழுதியைத் துரத்திக்கொண்டு வலப்பக்கம் திரும்பிவிட்டார். புதியவர் வந்து சேர்ந்தபோது அங்கே புழுதியும் இல்லை, ஆளும் இல்லை. நேராகப் போய்ச் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டார். கையில் வாக்கிடாக்கி இருந்தது. ஆனால் நடுவில் குன்று. மண்வெட்டி, மாட்டிய வண்டியை இழுக்கிற வின்ச் எல்லாம் முதல் வண்டியில். மற்றவர்கள் எங்களைக் கூப்பிட்டு, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மனிதர் வீல் கப்பைக் கழற்றி, அதால் சக்கரத்தைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தார்.

குழுவில் எல்லாரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "லீடர் கவனித்திருக்க வேண்டாமா?"

எப்படிங்க கவனிப்பார்? வளைவும் புழுதியுமான பாதையில் முதல் வண்டிக்காரருக்குக் கண்ணாடியில் தெரிவது இரண்டாவது வண்டி மட்டும்தான், அதுவும் தெரிந்தால். ஏழாவது வண்டியைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் ஆறாவது வண்டிக்காரர். அதனால்தான் விதியே தலைகீழாக இருக்கிறது. முன்னால் போகிறவரைப் பிடிப்பது உங்கள் வேலை இல்லை. பின்னால் வருகிறவரைத் தொலைக்காமல் இருப்பதுதான் உங்கள் வேலை.

இதைச் சொன்னால் உடனே, "அப்போ நான் முன்னால் போகிறவரைத் தவறவிட்டுவிடுவேனே" என்பார்கள். விடமாட்டீர்கள். ஏனென்றால் அவரும் உங்களுக்காக நிற்பார். கடைசி வண்டி பஞ்சராகி நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது வண்டிக்காரர் கண்ணாடியில் ஆளைக் காணோம் என்று நிற்பார். அவரைக் காணாமல் ஐந்தாவது நிற்கும், அப்புறம் நான்காவது. கொஞ்ச நேரத்தில் லீடரே நின்றுவிடுவார். ரேடியோ இல்லாமலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லாரும் முன்னாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினால், பின்னால் ஒருவர் நின்றது யாருக்கும் தெரியாது. அடுத்த நிறுத்தத்தில் தலையை எண்ணும்போதுதான் தெரியும். இந்த முறையும் அப்படித்தான் தெரிந்தது.

புழுதியில் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது என்பது உண்மை. நேர்ப்பாதையில் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. புழுதி அடங்குகிற அளவுக்கு இடைவெளி விட்டே வாருங்கள். ஆனால் திசை மாறுகிற ஒவ்வொரு இடத்திலும், "இதுதான் மெயின் பாதை, யாருக்கும் சந்தேகமே வராது" என்று உங்களுக்குத் தோன்றுகிற இடத்திலும், பின்னால் வருகிறவர் உங்களைப் பார்த்தார் என்று உறுதியாகும்வரை நில்லுங்கள். அவர் லைட் அடித்துக் காட்டட்டும். அப்புறம் கிளம்புங்கள்.

கடைசி வண்டி புதியவருக்கான இடம் இல்லை. அங்கே நன்றாக ஓட்டத் தெரிந்தவரும், மாட்டிய வண்டியை வெளியே எடுக்கிற ரெக்கவரி சாமான்களும் இருக்க வேண்டும். யார் மாட்டிக்கொண்டாலும் உதவி பின்னாலிருந்து வந்து சேரும்; முதல் வண்டியை ஒரு வண்டி மட்டுமே போகிற பாதையில் திருப்பிக் கொண்டுவருவது அவ்வளவு சுலபம் இல்லை. புதியவரை லீடருக்கு அடுத்ததாக வையுங்கள். லீடர் எந்தச் சக்கரத்தை எந்தக் கல்லில் ஏற்றுகிறார் என்று பார்த்தே பாதி கற்றுக்கொள்வார்.

லீடர்களுக்கும் ஒரு வார்த்தை. குழுவிலேயே வேகமாக ஓட்டுகிறவர் என்பது லீடருக்கான தகுதி இல்லை. இருப்பதிலேயே குறைந்த கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) உள்ள வண்டியால் எது முடியுமோ அதுதான் அன்றைய பாதை. "திரும்பிவிடலாம்" என்று சொல்ல வாய் வராதவர் தயவுசெய்து நடுவில் ஓட்டுங்கள். மணலில் இறங்குமுன் எல்லாரும் காற்றைக் குறைத்தார்களா என்று நீங்களே கேஜ் வைத்துப் பாருங்கள். சாலையில் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்கும் டயரை மணலுக்கு 18 வரையாவது இறக்க வேண்டியிருக்கும். "என் வண்டி அப்படியே ஏறும் சார்" என்பவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவர் தோண்டி வைத்த குழியில்தான் பின்னால் வருகிற நான்கு வண்டிகளும் மாட்டும்.

மேடு, பாறை, ஓடை எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். முன்னவர் கரையேறிவிட்டேன் என்று சொன்ன பிறகு இறங்குங்கள். வழி காட்ட ஸ்பாட்டர் ஒருவர் போதும். போன மாதம் பார்த்தேன்: பாறை மேல் ஒரு வண்டி, சுற்றிலும் ஐந்து பேர். மூன்று பேர் "லெஃப்ட், லெஃப்ட்", இரண்டு பேர் "ரைட், ரைட்". ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கை அங்கும் இங்கும் திருப்ப, வண்டிக்கு அடியில் இருக்கிற டிஃபரன்ஷியல் கல்லில் இடித்து எண்ணெய் ஒழுக ஆரம்பித்துவிட்டது. "நில்" என்று மட்டும் யார் வேண்டுமானாலும் கத்தலாம். மற்றதெல்லாம் ஸ்பாட்டர் கையால் காட்டுவார். ஸ்பாட்டர் கண்ணில் படவில்லை என்றால் வண்டியை நிறுத்துங்கள்.

அப்புறம் டோ பால். டிரெய்லர் இழுக்கச் செய்த அந்த உருண்டையில் ரெக்கவரி கயிற்றை மாட்டாதீர்கள், மாட்டவே மாட்டாதீர்கள். இழுக்கிற வேகத்தில் அது முறிந்தால் கயிற்றோடு பறந்து வரும். அப்படி அடிபட்டு ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சுமை குறித்த ரெக்கவரி பாயின்ட் (மாட்டிய வண்டியை இழுக்கக் கயிறு மாட்டுகிற இடம்) இருக்கிறதா என்று வீட்டில் இருக்கும்போதே குனிந்து பாருங்கள். சேற்றில் முழங்கால் போட்டுத் தேடுகிற பொருள் இல்லை அது. கயிறு இறுகும்போது அதன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்கள். வீடியோ எடுக்கிறவர்களும்தான்.

எதிரே வண்டி வந்தால், இடம் இருக்கிறவர் ஒதுங்குவது முறை. சரிவில் ஏறி வருகிறவருக்கு வழி விடுங்கள். உங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனை வண்டிகள் வருகின்றன என்று விரலால் காட்டிவிட்டுப் போங்கள். சேற்றைத் தவிர்க்கப் பாதைக்கு வெளியே புல்லில் இறங்காதீர்கள். மூடியிருந்த கேட்டை மூடியும், திறந்திருந்ததைத் திறந்தும் விட்டுப் போங்கள்.

இடையில் கிளம்ப வேண்டியிருந்தால் தாராளமாகக் கிளம்பலாம். ஆனால் லீடரிடமும் கடைசி வண்டிக்காரரிடமும் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள். குரூப்பில் மெசேஜ் போட்டேன் என்று சொல்லாதீர்கள், காட்டுக்குள் சிக்னல் கிடையாது. நீங்கள் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்க, உங்களைத் தேடி நாங்கள் டார்ச் அடித்துக்கொண்டு ஓடை ஓடையாக இறங்கிக்கொண்டிருப்போம்.