குவே காப்பிட் ஏன் லெமாவ் ஆகுது?

குவே காப்பிட்னா அச்சுல சுட்டு மடிக்கிற மெல்லிசு மொறுமொறு பலகாரம், லெமாவ்னா மலாய்ல நமுத்துப் போறது. தீபாவளி முடிஞ்சு மூணு நாள்கூட ஆகல, தெலுக் இந்தான்லேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "அக்கா, குவே காப்பிட் சுட்டு டின்ல போட்டு மூடித்தான் வச்சேன், ரெண்டே நாள்ல லெமாவ் ஆயிடுச்சு. ஆனா ரொட்டிய வெளிய வச்சா அது கட்டை மாதிரி ஆகுது. ஒண்ணு நமுத்துப் போகுது, ஒண்ணு இறுகிப் போகுது, ரெண்டும் மாவுதானே?" நல்ல கேள்வி. ரொட்டிய சட்டுனு முடிச்சிடுறேன்: வேகும்போது குலைஞ்சு போன ஸ்டார்ச் மூலக்கூறுங்க ஆற ஆற மறுபடி ஒண்ணோட ஒண்ணு வரிசை சேர்ந்து இறுகிக்குது, ஈரம் போறது அதுக்கு அடுத்த காரணம்தான். காப்பிட் கதை வேற. அது எங்க வீட்டுல ரொம்ப வருஷம் ஓடுன ஒரு பொருமலோட சம்பந்தப்பட்டது, அதனால நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்குங்க.

மலேசியாவுல, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல லயத்து வீட்டுல இருந்தோம், அம்மா பால்மரம் வெட்டுனாங்க. டவுன்ல மளிகைக்கடை வச்சிருந்த சீனக் குடும்பத்துல அந்த வீட்டம்மாவ அம்மா தவுக்கே சோன்னு கூப்பிடுவாங்க, அவங்க எங்கம்மாவ ஆச்சின்னுவாங்க, ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது பாசார் மலாய் மட்டும்தான், அத வச்சே பிள்ளை படிப்புலேர்ந்து மாமியார் கதை வரைக்கும் எல்லாம் பேசிடுவாங்க. சீனப் பெருநாள் நெருங்குனா கடைக்குப் பின்னால கரி அடுப்பு மூட்டி, நீளக் கைப்பிடி வச்ச இரும்பு அச்சுங்கள வரிசையா அடுக்கி, அரிசி மாவு, சீனி, முட்டை, தேங்காப்பால் கலந்த மாவ ஊத்தி ஊத்தி மூடுவாங்க, அம்மா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து சுடச்சுட மடிச்சுக் குடுப்பாங்க. எங்க தீபாவளிக்கு அவங்க வந்து அச்சு முறுக்கு சுட உதவுவாங்க. அளவெல்லாம் பால் டின்லதான், பேப்பர்ல எழுதுன ரெசிப்பின்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

பிரச்சன என்னன்னா, தவுக்கே சோ சுட்ட காப்பிட் மைலோ டின்ல சாப் கோ மே, அதாவது சீனப் பெருநாளோட பதினஞ்சாவது நாள் வரைக்கும் மொறுமொறுன்னு கெடக்கும். அம்மா அதே அச்ச கடன் வாங்கி தீபாவளிக்கு சுட்டா ரெண்டாவது நாளே துணி மாதிரி வளையும். "என்னமோ ஒரு சாமான மறைச்சிட்டா"ன்னு அம்மா வருஷா வருஷம் முணுமுணுப்பாங்க, நேர்ல மட்டும் கேக்கவே மாட்டாங்க.

சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம். காப்பிட் சுட்டவங்களுக்கு இது தெரியும்: அச்சுலேர்ந்து எடுத்த உடனே அது மெதுவா, தோல் மாதிரி இருக்கும், நாலஞ்சு செகண்டுக்குள்ள நாலா மடிச்சாதான் உண்டு, தாமதிச்சா மடிக்கும்போதே படக்குனு உடைஞ்சிடும். அந்த நாலஞ்சு செகண்டுல ஈரம் காயல, தண்ணியெல்லாம் அச்சுக்குள்ளயே புஸ்ஸுனு ஆவியாப் போயிடுச்சு. எடுத்த பிறகு நடந்தது ஒண்ணே ஒண்ணு, சூடு குறைஞ்சது. அவ்வளவுக்கே தோலு கண்ணாடி ஆயிடுச்சு.

கண்ணாடின்னு சும்மா அழகுக்குச் சொல்லல. தோட்டத்துல காலையில ஆளுங்கள நிக்க வச்சுப் பேர் கூப்பிட்டு பிரட்டு எடுப்பாங்களே, அதுல ஆளுங்க வரிசையா அசையாம நிக்கிறாங்கன்னு வச்சுக்குங்க, அது டப்பால இருக்குற சீனி, அதாவது படிகம். சம்பள நாள் சந்தையில ஆளுக்கு ஒரு பக்கம் இடிச்சுக்கிட்டு நடக்குறாங்க, அது பாகு. இப்ப அந்தச் சந்தைய ஒரு போட்டோ எடுங்க. வரிசையும் கிடையாது, நடமாட்டமும் கிடையாது, இடிச்சுக்கிட்டு இருந்த கோலத்துலயே எல்லாரும் உறைஞ்சு நிக்கிறாங்க. அதுதான் கண்ணாடி நிலை. சூடான காப்பிட்ல சீனி மூலக்கூறுங்க சந்தைக் கூட்டம். சட்டுனு ஆறும்போது பிரட்டுல போய் வரிசை கட்ட அதுகளுக்கு நேரம் இல்ல, நடுவுல ஸ்டார்ச்சும் முட்டைப் புரதமும் வேற குறுக்க நிக்குது, அப்படியே உறைஞ்சு போகுது. பஞ்சு மிட்டாயும் இதே சரக்குதான், சுத்தமான சீனிக் கண்ணாடி நூல்.

இந்த மாற்றம் நடக்குற வெப்பநிலை ஒவ்வொரு பொருளுக்கும் வேற. கொஞ்சமும் ஈரமில்லாத சீனிக் கண்ணாடிக்கு அது 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு மேல போனா இளகும், கீழ வந்தா விறைக்கும். நம்ம ரப்பருக்கும் இது உண்டுங்க! பக்கத்துல கோலக்கங்சார்ல 1877ல நட்ட மரம் ஒண்ணு இன்னும் நிக்குது, அந்த ரப்பருக்கு இந்த வெப்பநிலை மைனஸ் 70 டிகிரி வாக்குல. பேராக்குல மைனஸ் 70 எந்தக் காலத்துல வரப் போகுது, அதனாலதான் ஷீட்டு எப்பவும் இழுத்தா நீளுது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல முக்கி எடுத்து சுத்தியால தட்டுனா அதே ரப்பர் பீங்கான் தட்டு மாதிரி சிதறும். நான் கையுறை ஃபேக்டரி லேப்ல இருந்தப்ப ஒரு மெஷின்ல சில மில்லிகிராம் ரப்பர வச்சு இந்தப் புள்ளிய அளப்போம், தீபாவளி மாசத்துல ஒரு துண்டு காப்பிட்ட உள்ள வச்சுப் பாக்கணும்னு கை துடிக்கும், சூப்பர்வைசர் முகத்த நெனச்சு வாயில போட்டுக்குவேன். அச்சு மேல காப்பிட் ரப்பர், கைக்கு வந்தா கண்ணாடி. கடிச்சா வர்ற அந்த மொறுக் சத்தமும் அதனாலதான்: இளகுன பொருள்ல விரிசல் ஓடாது, விறைச்ச பொருள்லதான் வேகமா ஓடும், அப்படி சின்னச் சின்னதா உடையிற நூத்துக்கணக்கான விரிசலோட சத்தத்ததான் நாம மொறுமொறுப்புன்னு சொல்றோம்.

இப்ப தண்ணி. சீனி மூலக்கூற விட தண்ணி மூலக்கூறு 19 மடங்கு லேசு. உறைஞ்சு நிக்கிற கூட்டத்துக்குள்ள பொடிப் பசங்க நாலு பேர் புகுந்து இடுப்புக்குக் கீழ இடிச்சுக்கிட்டு ஓடுனா என்ன ஆகும், எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமா அசைய ஆரம்பிச்சிடுவாங்கல்ல, அதேதான். ஒரு சதவீதம் ஈரம் ஏறுனா சீனியோட அந்த 60 டிகிரி கிட்டத்தட்ட ஏழெட்டு டிகிரி கீழ இறங்கும். நாலு சதவீதம் ஏறுச்சா, நம்ம ஊரு சாதாரண 30 டிகிரிக்கே வந்து நிக்கும். காப்பிட்ட யாரும் சூடு பண்ணல, இருந்தாலும் அது மறுபடி அச்சுலேர்ந்து எடுத்த தோல் மாதிரி ஆயிடுது. லெமாவ்னா அதான், கெட்டுப் போறது இல்ல. அதனாலதான் ஓவன்ல கொஞ்ச நேரம் வச்சு ஈரத்த விரட்டி ஆறவிட்டா பழைய மொறுமொறுப்பு திரும்பி வருது, தங்கச்சி, நீ தூக்கிப் போடாத.

சாப்பாட்ட இப்படி ரப்பர், பிளாஸ்டிக் பாக்குற கண்ணுல பாக்கணும்னு 1980கள்ல அமெரிக்காவுல அடிச்சுச் சொன்னது லூயிஸ் ஸ்லேட், ஹாரி லெவின்னு ரெண்டு பேர், வருஷக்கணக்கா ஜோடியாவே வேலை செஞ்சவங்க, அதுவும் யுனிவர்சிட்டியில இல்ல, சாப்பாட்டுச் சாமான் செய்யிற கம்பெனியில. இங்க ரப்பருக்கு 1925லயே ஆராய்ச்சிக் கழகம் வந்துடுச்சு, பாமாயில் எடுக்குற செம்பனைக்கும் தனி வாரியம் இருக்கு, நல்லதுதான், அதுல சோறு தின்னவதான் நானும். ஆனா குவே காப்பிட்டுக்கு கிராண்ட் குடுங்கன்னு நான் எழுதிப் போட்டா சிரிப்பாங்கன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். வீட்டுப் பொம்பளைங்க செய்யிற வேலைன்னா அது அறிவியல் இல்லங்குற நெனப்பு, வேற ஒண்ணும் இல்ல.

பாட்டி வச்சிருந்த விளக்கம் இத விட மோசம். யாரோ கண்ணு வச்சுட்டாங்கன்னு உப்பு மிளகாய சுத்தி அடுப்புல போடுவாங்க, அதுகூடப் போகட்டும், வீட்டுக்குத் தூரமானவ டின்னத் தொட்டுட்டான்னு எங்க சித்திய ஒரு தீபாவளிக்கு அழ வச்சுட்டாங்க. சித்தி தொடாத டின்னும்தானே நமுத்துச்சு? அத ஒருத்தரும் எண்ணிப் பாக்கல. எனக்கு இன்னும் ஆறல.

உண்மையான குற்றவாளி ரெண்டு. ஒண்ணு மாசம்: தீபாவளி அக்டோபர் நவம்பர்ல, இந்தப் பக்கம் மழை கொட்டுற நேரம். சீனப் பெருநாள் ஜனவரி பிப்ரவரியில, எங்க பக்கம் அப்ப மழை குறைச்சல். தவுக்கே சோ சுட்டு ஆறவச்சு டின்ல அடுக்குற அரை மணி நேரத்துல அவங்க காப்பிட் குடிக்கிற ஈரமும், மழைச்சாரல் அடிக்கிற லயத்து வாசல்ல எங்க காப்பிட் குடிக்கிற ஈரமும் ஒண்ணா?

ரெண்டாவதத் தெரிஞ்சுக்கிட்டது இந்த வருஷம்தான். தவுக்கே சோ இப்ப ஈப்போவுல மக வீட்டுல இருக்காங்க, அவங்களோட ஸ்பீக்கர்ல போன் பேசும்போது எங்கம்மாகிட்ட அவங்க அளவ வரிசையா சொல்லச் சொன்னேன். அரிசி மாவு, முட்டை, சந்தான் (தேங்காப்பால்தான்), சீனி முக்கா டின், அப்புறம் மெதுவா, "வாசத்துக்குக் கொஞ்சம் குலா மெலாகா." குலா மெலாகான்னா தென்னம்பாளைச் சாறு காய்ச்சுன வெல்லம், அத காய்ச்சும்போது சீனியில கொஞ்சம் உடைஞ்சு குளுக்கோஸாவும் ஃப்ரக்டோஸாவும் ஆகும். குளுக்கோஸ் கண்ணாடி 30 சொச்சம் டிகிரியிலயே இளகிடும், ஃப்ரக்டோஸ் அதுக்கும் ரொம்பக் கீழ, போதாததுக்கு காத்துலேர்ந்து ஈரத்த இழுக்குற புத்தி வேற. மறைச்சது தவுக்கே சோ இல்ல, சேத்தது எங்கம்மா!

ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த தவுக்கே சோ சிரிச்ச சிரிப்பு அடங்கவே ரொம்ப நேரம் ஆச்சு. "ஆச்சி, நான் உனக்கு குலா மெலாகா சொல்லவே இல்லயே"ன்னு மலாய்ல திரும்பத் திரும்ப சொன்னாங்க. நான் அம்மாகிட்ட அடுத்த வருஷம் வெறும் சீனி போடுங்க, மழை விட்ட பிறகு சுடுங்க, கை பொறுக்குற சூடு வந்த உடனே டின்ல போட்டு டேப் ஒட்டுங்க, அடியில வறுத்த அரிசி ஒரு பொட்டலம் வைங்கன்னு முழு லெக்சரும் குடுத்தேன். அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்த வாசம் இல்லாம காப்பிட் எதுக்குடி"ன்னாங்க. அதனால அடுத்த தீபாவளிக்கும் எங்க வீட்டுக்கு வர்றவங்க முதல் நாளே வந்துடுங்க.