அடிமைக் கப்பலும் அடிப்பாரமும்

மொசாம்பிக் தீவிலிருந்து 1794 டிசம்பர் 3 அன்று புறப்பட்ட சாவோ ஜோசே என்ற போர்த்துக்கீசியக் கப்பல், பிரேசிலின் மரன்யாவோவுக்குப் போய்ச் சேர வேண்டியது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வரும் வழியில், டிசம்பர் 27 அன்று, கேப் டவுனை அடுத்த கிளிஃப்டன் கரைக்கு மிக அருகில் பாறைகளுக்கிடையே சிக்கி உடைந்தது. அதன் கீழ்த்தளத்தில் நானூறுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களில் சுமார் 212 பேர் இறந்தனர். கப்பல் தலைவரும் மாலுமிகளும் கரையேறினர். உயிர் தப்பிய ஆப்பிரிக்கர்கள் அங்கேயே, கேப் குடியேற்றத்திலேயே, மறுபடியும் விற்கப்பட்டனர்.

1980களில் புதையல் தேடிச் சென்ற முக்குளிப்பாளர்கள் இந்தச் சிதைவைக் கண்டபோது, அதைப் பழைய டச்சுக் கப்பல் ஒன்று என்றே எண்ணிவிட்டார்கள். ஆனால் அங்கே செப்புத் தகடுகளும் செப்பு ஆணிகளும் கிடந்தன. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவிடமிருந்து காப்பதற்காகக் கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு போர்த்தும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது என்பதால், டச்சுக் கப்பல் என்ற கணிப்பு நிற்கவில்லை. செம்பைத் தவிர இன்னொன்றும் அங்கே குவிந்திருந்தது: செவ்வக வடிவிலான கனத்த இரும்புக் கட்டிகள். விற்பனைக்கான பொருளாகவோ, கப்பலின் உறுப்பாகவோ இல்லாத இந்த இரும்பு எதற்கு என்ற கேள்விக்கு விடை காண, பாய்மரக் கப்பல் ஏன் கவிழாமல் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உயரமான பாய்களில் காற்று மோதும்போது கப்பல் ஒரு பக்கம் சாய்கிறது. சாய்ந்த பக்கத்தில் உடற்பகுதி கூடுதலாக நீரில் அமிழ்வதால், நீர் கப்பலை மேலே தள்ளும் மிதப்பு விசையின் மையமும் அந்தப் பக்கமாக நகர்கிறது. கப்பலின் எடை அதன் ஈர்ப்பு மையத்தின் வழியே நேராகக் கீழ்நோக்கி இழுக்கிறது. ஈர்ப்பு மையம் போதிய அளவு தாழ்வாக இருந்தால், ஒருபுறம் நீரின் தள்ளலும் மறுபுறம் எடையின் இழுப்பும் சேர்ந்து கப்பலைத் திரும்ப நிமிர்த்தும். அது மிதமிஞ்சி உயர்ந்துவிட்டால், அதே இரண்டு விசைகளும் சேர்ந்து கப்பலைக் கவிழ்த்துவிடும். அடியில் களிமண் கனத்த தஞ்சாவூர்ப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்பதற்கு அதன் தாழ்ந்த ஈர்ப்பு மையமே காரணம். கப்பலின் அடிவயிற்றில் இப்படி வேண்டுமென்றே ஏற்றப்படும் எடைதான் அடிப்பாரம்.

சர்க்கரைப் பீப்பாய்களோ ஈயக் கட்டிகளோ நிறைந்த கப்பலுக்கு அந்தச் சரக்கே அடிப்பாரமாகிவிடும். மனிதர்களை ஏற்றும்போது கணக்கு மாறுகிறது. ஒருவரின் சராசரி எடையை 50 கிலோ என்று கொண்டால், 400 பேரின் மொத்த எடை வெறும் 20 டன்தான். மேலும் அந்த எடை கப்பலின் அடியில் இருப்பதில்லை. இரு தளங்களுக்கு நடுவே, நீர்மட்டத்தை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் 1788-89இல் அச்சிட்டுப் பரப்பிய புரூக்ஸ் என்ற லிவர்பூல் கப்பலின் வரைபடத்தில், ஓர் ஆணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஆறடி நீளமும் ஓரடி நான்கு அங்குல அகலமும்தான். கப்பலின் பரப்பு முழுவதையும் மனித உடல்களால் அடைத்தாலும், அந்த உடல்கள் கப்பலை நிலைநிறுத்தப் போதா. அடிமைக் கப்பல் இட நெருக்கடியில் மூச்சுத் திணறியபடியே, எடைக் கணக்கில் பாதி வெறுமையாகத்தான் கடலைக் கடந்தது.

கப்பலில் மனிதர்களைவிடக் கனமானது தண்ணீர். ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வீதம், அறுபது நாள் பயணம் என்று குறைத்து மதிப்பிட்டாலும், 400 பேருக்கு 48 டன் குடிநீர் வேண்டும். மொசாம்பிக்கிலிருந்து பிரேசிலுக்கு இரண்டு முதல் மூன்று மாதம் பிடித்தது. அடித்தளத்துப் பீப்பாய்களில் இருந்த இந்த நீர் தொடக்கத்தில் நல்ல அடிப்பாரமாக உதவினாலும், நாள்தோறும் அது குறைந்துகொண்டே போகும். மக்கள் குடிக்கக் குடிக்கக் கப்பலின் அடி இலேசாகி, ஈர்ப்பு மையம் மேலேறும். காலியான பீப்பாய்களில் கடல்நீரை நிரப்பி ஈடுகட்டும் வழக்கம் அதனால் வந்தது. அதே பீப்பாயில் அடுத்த முறை குடிநீர் நிரப்பினால் அது எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரும்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அது குறைவதில்லை, அலையில் எளிதில் உருளுவதில்லை. கல்லைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அடர்த்தி கொண்டது என்பதால், அதே எடையை மூன்றில் ஒரு பங்கு இடத்தில் அடக்கிவிடலாம். மிச்சமான இடத்தில் தண்ணீரையும் உணவையும் வைக்கலாம்.

இந்த வணிகத்தில் அடிப்பாரம் பணமாகவே மாறிய விந்தையும் உண்டு. மாலத்தீவுக் கடலில் விளையும் சோழிகள், வங்காளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஐரோப்பாவுக்குத் திரும்பிய டச்சு, ஆங்கிலேயக் கப்பல்களில் அடிப்பாரமாக ஏற்றப்பட்டன. துணியும் மிளகும் இலேசான சரக்குகள் என்பதால் கப்பலின் அடியில் எடை வேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏலம் போன அந்தச் சோழிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றன. அங்கே சோழி நாணயமாகப் புழங்கியது. அதைக் கொடுத்து மனிதர்கள் வாங்கப்பட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் மட்டும் பத்தாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட சோழி இவ்வழியில் போயிருக்கிறது. சோழமண்டலக் கரையில் நெய்து நீலச் சாயமேற்றிய துணிகளும் அதே சந்தையில் விலையாகக் கொடுக்கப்பட்டன. தறியில் உட்கார்ந்திருந்த நம் ஊர் நெசவாளிக்குத் தன் துணி எங்கே, எதற்கு ஈடாகப் போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கிளிஃப்டன் கடலடிக்கு வருவோம். உப்புநீரில் கிடக்கும் இரும்பு அரிக்கப்பட்டு அயனிகளாகக் கரையும்போது, அதைச் சுற்றிலும் நீரின் வேதித்தன்மை மாறி, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்குகிறது. துருவும் மணலும் சிப்பித் துண்டுகளும் அதில் ஒட்டிக்கொள்ள, நாளடைவில் பொருளின் வடிவமே தெரியாத கற்கட்டி ஒன்று உருவாகிவிடும். மெல்லிய பொருளானால் உள்ளே இருந்த இரும்பு முழுவதும் அரிபட்டு, அதன் வடிவில் வெற்றிடம் மட்டுமே எஞ்சுவதுண்டு. கட்டியை உடைத்தால் அந்தத் தடயமும் போய்விடும். ஆகவே ஆய்வாளர்கள், மருத்துவமனையில் மூளையைப் படம்பிடிக்கும் அதே சிடி ஸ்கேன் முறையில் கட்டிகளை ஊடுருவிப் பார்த்தார்கள். கால்விலங்குகளின் எச்சங்கள் அப்படித்தான் தெரியவந்தன. சிதைவில் கிடைத்த மரத்துண்டைச் சோதித்ததில் அது மொசாம்பிக் பகுதியின் மரம் என்று தெரிந்தது.

இத்தனை இருந்தும், பெயரைச் சொல்லக் காகிதம்தான் வேண்டியிருந்தது. ஏனெனில் அடிப்பாரம் எல்லாக் கப்பலிலும் உண்டு. இரும்புக் கட்டிகளைக் கண்டவுடன் அடிமைக் கப்பல் என்று முடிவு கட்டுவது அவசரமாகும். கேப் டவுன் ஆவணக் காப்பகத்தில், கப்பல் உடைந்ததைப் பற்றிக் கப்பல் தலைவர் அளித்த வாக்குமூலத்தை இசிகோ அருங்காட்சியகத்தின் தொல்லியலாளர் யாக்கோ போஷாஃப் கண்டெடுத்தார். லிஸ்பனில் கிடைத்த ஆவணம், சாவோ ஜோசே மொசாம்பிக்குக்குப் புறப்படுமுன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் கட்டிகளை அடிப்பாரமாக ஏற்றியதைப் பதிந்திருந்தது. மனிதர்களைச் சரக்காகக் கணக்கெழுதிய கை, இரும்பையும் எண்ணி எழுதி வைத்திருந்ததால்தான் இன்று அந்த மனிதர்கள் எங்கே இறந்தார்கள் என்று சொல்ல முடிகிறது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் சுமார் 36,000 கப்பல் பயணங்கள் ஆவணங்களிலிருந்து தொகுக்கப்பட்டுள்ளன. ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்றும், உயிரோடு இறங்கியவர்கள் 1 கோடியே 7 லட்சம் பேர் என்றும் அவற்றைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். ஆனால் மனிதர்கள் உள்ளே இருக்கும்போதே மூழ்கியது என்று உறுதியாகி, தொல்லியலாளர் ஆராய்ந்த கப்பல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

2015 ஜூனில் இந்தக் கண்டுபிடிப்பு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதையொட்டி மொசாம்பிக் தீவுப் பகுதியில், மக்குவா மக்களின் தலைவர் ஒருவர் தம் மண்ணைக் கொஞ்சம் எடுத்து ஆய்வுக் குழுவிடம் ஒப்படைத்தார். அந்த மண் கிளிஃப்டன் கடலில் சேர்க்கப்பட்டது. அதைக் கொண்டுவந்த கலத்தின் மேற்புறம் முழுவதும் சோழி பதித்திருந்தது.